பந்தயத்துக்கு நாலு நாள் இருக்க, கியர் கேபிள் இழை பிரிந்தால்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை செங்கோட்டையில் தொடங்கி, புளியரை வழியாகக் கோட்டைவாசல் ஏறி, ஆரியங்காவு தொட்டுத் திரும்பும் சைக்கிள் பந்தயம். வண்டியில் இருப்பது ஷிமானோ 105 கியர் செட், ஆர்7000 மாடல், 11 ஸ்பீடு. கேபிள் ஃபிரேமுக்குள் ஓடுகிறது. ஒரு வாரமாகப் பின் கியர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டரைத் திருகினால் ஒரு ரைடு தாங்குகிறது, மறுநாள் மறுபடியும் அதே கதை. வலது ஷிஃப்டரின் (கியர் மாற்றும் லீவர்) ரப்பர் உறையான ஹூடைத் தூக்கிப் பார்த்தால் ஓர் இழை முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்று புதன். "ஞாயிறு வரை தாங்குமா அண்ணாச்சி? இப்போ மாத்தினா புது கேபிள் இழுபட்டு பந்தயத்தன்னைக்குக் கழுத்தறுக்கும்னு சொல்றாங்களே?"

தாங்காது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள் தம்பி. நாளை வியாழன் காலையிலேயே மாற்றிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி மாற்றுவதாக இருந்தால் உங்கள் பயம் நியாயமானது. நாலு நாள் கையில் இருக்கும்போது அந்தப் பயத்துக்கு வேலையில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. முழுசாக இருக்கும் கேபிளை மாற்றுவது அரை மணி, முக்கால் மணி நேர வேலை. அதே கேபிள் ஷிஃப்டருக்குள் அறுந்து தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டால், அதை எடுப்பதற்கே ஒரு பொழுது போய்விடும். ஃபிரேமுக்குள் வழிகாட்ட பழைய கேபிளும் இருக்காது. இன்னும் அறுந்துபோகவில்லை என்பதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் வசதி. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில், நோய் கேபிளில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய காக்குக்கு (பின் பல்சக்கரம்) ஏறுவது மட்டும் தாமதம், இறங்குவது சுத்தமாக இருக்கிறது என்றால் அது டென்ஷன் குறைவு. பேரலைத் திருகினாலே போதும். ஏறவும் சுணக்கம், இறங்கவும் சுணக்கம் என்றால் எங்கேயோ உரசுகிறது: அவுட்டருக்குள் (கேபிளின் வெளி உறை) அழுக்கு, அல்லது இழை பிரிந்த கேபிள். காக்குகளின் அடுக்கான கேசட்டின் ஒரு பக்கம் சரியாக விழுந்து மறுபக்கம் மட்டும் கரகரவென்று சத்தம் போட்டால், ஆர்.டி.யை (செயினைக் காக்குக்குக் காக் நகர்த்தும் பின் கை) ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஆர்.டி.யின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் கேசட்டுக்கு நேராகத் தொங்க வேண்டும். பஸ்ஸிலோ காரிலோ வண்டியைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தவர்களுக்கு இந்த வளைவு அடிக்கடி வரும். ஹேங்கர் வளைந்திருந்தால் எத்தனை புது கேபிள் போட்டும் பிரயோஜனம் இல்லை.

உங்கள் விஷயத்தில் இழையே கண்ணுக்குத் தெரிகிறது, சந்தேகத்துக்கு இடமில்லை. ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோடு ஷிஃப்டர்களில் கேபிள், தலை உட்காரும் இடத்திலிருந்து ஒரு சின்ன சக்கரத்தைச் சுற்றி, உடனே கூர்மையாகத் திரும்பி, ஹேண்டில்பாரைச் சுற்றிய பார் டேப்புக்கு அடியில் நுழைகிறது. 1.2 மி.மீ. கனமுள்ள இன்னரில் (உறைக்குள் ஓடும் கேபிள்) பொதுவாக 19 மெல்லிய கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் அதே ஒன்றிரண்டு அங்குலம் வளைந்து நிமிர்கிறது. கம்பியை இரண்டு கையாலும் மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான். வெளிப்புற இழை ஒன்று முதலில் போகும். மிச்ச இழைகள் பாரத்தை ஏற்று லேசாக முறுக்கவிழ, கேபிள் கொஞ்சம் நீண்டு டென்ஷன் குறையும். நீங்கள் பேரலைத் திருகிச் சமாளிப்பீர்கள். அடுத்த இழை போகும், மறுபடி திருகுவீர்கள். பேரல் அட்ஜஸ்ட்மென்ட் ஒரு ரைடுக்கு மேல் நிற்கவில்லை என்பதே கேபிள் அறுந்துகொண்டிருப்பதற்குத் தெளிவான அடையாளம். அறுந்த இழை நுனிகள் ஷிஃப்டரின் உள் சுவரில் மாட்டத் தொடங்கியதும் இறங்கும் ஷிஃப்டும் கெட்டுவிடும். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் நாட்களை எண்ண முடியாது. ஞாயிறு வரை நின்றாலும் நிற்கும், புளியரை தாண்டி எஸ் வளைவில் எழுந்து நின்று மிதிக்கும்போது போனாலும் போகும். போனால் ஆர்.டி.யின் ஸ்பிரிங் செயினைச் சின்ன காக்கில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்த ஏற்றத்தில் 11 பல் காக்கை மிதித்து ஏறுவது நடக்கிற காரியம் இல்லை. எழுந்து நின்ற நிலையில் செயின் திடீரென்று தாவினால் கால் சறுக்கும், முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும், பக்கத்தில் வருபவரையும் சேர்த்து விழத்தட்டும். பின்னால் லாரி வரும் சாலை அது.

இனி வாங்க வேண்டியது. கியர் இன்னர், 1.2 மி.மீ., 2100 மி.மீ. நீளம், ஷிமானோ ரோடு ஷிஃப்டருக்கானது, இரண்டு. ஒன்று போட, ஒன்று பையில். ஆர்.டி.க்குப் போகும் கடைசி வளைவுக்கு ஓ.டி.-ஆர்.எஸ்.900 என்ற 240 மி.மீ. அவுட்டர் ஒன்று. அது கிடைக்காவிட்டால் எஸ்.பி.41 என்ற 4 மி.மீ. கியர் அவுட்டரை அளந்து வெட்டிக்கொள்ளலாம். ஃபெரூல் (அவுட்டர் முனையில் மாட்டும் தொப்பி) நாலு, இன்னருக்கு நுனி மூடி இரண்டு. ஃபிரேமுக்குள் விட மெல்லிய பிளாஸ்டிக் லைனர் குழாய் ஒன்று.

எங்கள் பக்கத்துச் சின்ன சைக்கிள் கடைகளில் கேட்டால் நல்ல மனசோடு பிரேக் கம்பியை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். பிரேக் இன்னர் 1.5, 1.6 மி.மீ. கனம், அதன் தலையும் வேறு வடிவம். கியர் ஷிஃப்டரில் உட்காராது. தலையை ராவித் தேய்த்து உட்கார வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அவுட்டரும் அப்படியே. பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும், இழுக்கும்போது அது அமுங்கும், கியர் ஒரு நாளும் கிளிக்கில் நிற்காது. திருப்பிச் செய்வது இன்னும் ஆபத்து. கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் பிடிக்கும் விசையில் அது பிளந்துவிடும். தென்காசியில் கிடைக்கவில்லை என்றால் திருநெல்வேலியிலோ, மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்திலோ கியர் வண்டிகள் விற்கும் கடைகளுக்கு இன்றைக்கே போன் போட்டு, இருக்கிறதா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். கோட்டிங் போட்ட விலை கூடிய கேபிள்தான் வேண்டும் என்று அலைய வேண்டாம். ஷிஃப்டருக்குள் அந்தக் கோட்டிங் உரிந்து பஞ்சு பஞ்சாகச் சேரும். சாதாரண ஸ்டெயின்லெஸ் இன்னரே பந்தயத்துக்குப் போதும்.

வேலைக்கு 4 மி.மீ. ஆலன் கீ, ஊசிமூக்கு பிளையர், அவுட்டர் வெட்டும் கேபிள் கட்டர், ஒரு கோணி ஊசி போதும். சாதாரண கட்டிங் பிளையரால் வெட்டினால் அவுட்டரின் வாய் நசுங்கும், இன்னர் நுனி பூவாக விரியும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் திண்ணை உத்தரத்தில் கயிறு போட்டு சீட்டைத் தூக்கிக் கட்டுங்கள், பின் சக்கரம் சுற்றினால் சரி.

பெடலைச் சுற்றிக்கொண்டே பின் கியரைச் சின்ன காக்குக்கு இறக்குங்கள். பிறகு இறக்கும் லீவரை இன்னும் பத்துத் தடவையாவது அழுத்திவிடுங்கள். இதை விட்டால் ஷிஃப்டருக்குள் கேபிள் தலை, வெளியே வரும் துளைக்கு நேராக வந்து நிற்காது. பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். அடுத்து, ஆர்.டி. போல்ட்டில் கேபிள் எந்தப் பக்கமாகப் போய் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பான பக்கம் போட்டால் இழுப்பின் அளவே மாறி, எத்தனை திருகினாலும் கியர் ஒத்துவராது.

நுனி மூடியை வெட்டி, போல்ட்டைத் தளர்த்தி, பின் அவுட்டரை உருவி எடுங்கள். போல்ட் கடித்து நசுங்கிய பகுதியையும் சுத்தமாக வெட்டிவிடுங்கள். இப்போது ஃபிரேமின் பின் துளையில் பழைய இன்னர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். லைனர் குழாயை அதன் மேல் கோத்து, முன் பக்கத் துளை வழியே தலை நீட்டும் வரை உள்ளே தள்ளுங்கள். பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட் அருகே முட்டினால் பலவந்தம் வேண்டாம், கொஞ்சம் பின்னால் இழுத்துச் சுழற்றித் தள்ளினால் போகும். சில ஃபிரேம்களில் அடியில் ஒரு மூடி இருக்கும், அதைக் கழற்றினால் கைடு கண்ணுக்குத் தெரியும். செம்மண் சேறு அங்கேதான் இறுகிக் கிடக்கும், துடைத்துவிடுங்கள். குழாயின் இரண்டு முனையையும் ஃபிரேமோடு டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் பழைய கேபிளை உருவ வேண்டும். குழாய் இல்லாமல் உருவிவிட்டால், புது கேபிளின் நுனியை ஃபிரேமுக்குள் தேடி மீன் பிடிக்கிற கதைதான்.

ஷிஃப்டர் பக்கம்தான் இந்த வேலையின் உயிர். ஹூடின் ஓரத்தை மடித்துவிட்டு பிரேக் லீவரைப் பிடித்தால் கேபிள் தலை தெரியும். துளை எந்தப் பக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளைப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ள, தலை எட்டிப் பார்க்கும். ஊசிமூக்கு பிளையரால் தலையைப் பிடித்து வெளியே எடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கேபிளைப் பின் பக்கமாகச் சுண்டி இழுக்காதீர்கள். அறுந்த இழைகள் ஷிஃப்டருக்குள் எதிர்த்து நின்று குருவிக்கூடு மாதிரி சுருண்டுகொள்ளும். தள்ளும்போது முட்டினால் லேசாக முன்னும் பின்னும் ஆட்டி, கேபிளை அதன் முறுக்கு இறுகும் திசையில் உருட்டிக்கொண்டே தள்ளுங்கள். நீட்டிய இழை உடம்போடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

வெளியே வந்ததும் அவசரமாகத் தூக்கி எறியாதீர்கள். தலைக்குப் பக்கத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது, ஒவ்வொரு இழைக்கும் இரண்டு நுனியும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தால் அது உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். அரை சென்டிமீட்டர் கம்பி போதும், ராட்செட் பல்லில் சிக்கி ஷிஃப்டரையே காலி பண்ணிவிடும். டார்ச்சும் கோணி ஊசியும் வைத்து அதை எடுத்த பிறகுதான் லீவரைத் தொட வேண்டும். ஒருவேளை இந்த வேலைக்கு முன்பே கேபிள் முழுசாக அறுந்துவிட்டாலும் இதே விதிதான்: வேலை செய்கிறதா பார்ப்போம் என்று லீவரைக் கிளிக் கிளிக் என்று அழுத்தவே கூடாது. ஒவ்வொரு அழுத்தலும் துண்டை இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும்.

உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை எண்ணெய் டப்பாவைத் தேடும். தேங்காயெண்ணெய் வேண்டாம். கொஞ்ச நாள் வழுவழுப்பாக இருக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையவும் தொடங்கும், மலைப் பக்கத்து விடியற்காலைக்கு ஆகாது. துரு எடுக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிப்பதும் தப்பு, ஷிஃப்டரில் இருக்கும் கிரீஸை அது கழுவிக்கொண்டு போய்விடும். எஸ்.பி.41 அவுட்டர் உள்ளே கிரீஸோடுதான் வரும், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

புது இன்னரின் நுனி உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். கடைசி வரை அதை வெட்டாதீர்கள், தரையில் புரளவும் விடாதீர்கள். துளை வழியே விட்டு, பார் டேப்புக்கு அடியில் இருக்கும் அவுட்டருக்குள் போக விடுங்கள். அப்போது விரலில் தெரியும் சேதியைக் கவனிக்க வேண்டும். இரண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனால் அந்த அவுட்டர் நன்றாக இருக்கிறது, பார் டேப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. நறநறவென்று போனால் அதையும் மாற்றத்தான் வேண்டும். டிரெய்னரில் வீட்டுக்குள் ஓட்டுபவர்களுக்கு வியர்வை உப்பு இறங்கி இந்த முன் அவுட்டர் சீக்கிரம் கெடும். நாலு நாள் இருப்பதால் டேப் பிரித்துச் சுற்றுவதற்கும் நேரம் இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம்.

பின் அவுட்டரை மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல் புதிதாகப் போட்டுவிடுங்கள். சாரல் காலத்தில் சக்கரம் அடிக்கும் தண்ணீரும் மண்ணும் நேராகப் போய்ச் சேரும் இடம் அது. நீங்களே வெட்டுவதாக இருந்தால் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள். வெட்டிய முகத்தை அரத்தால் தட்டையாக்கி, நசுங்கிய உள் குழாயின் வாயைக் கோணி ஊசியால் வட்டமாகத் திறந்து, பிறகு ஃபெரூல் மாட்டுங்கள். முகம் சாய்வாக இருந்தால் ஃபெரூலுக்குள் அவுட்டர் நாள் முழுக்க அமர்ந்துகொண்டே இருக்கும். புது கேபிள் இழுபடுகிறது என்று எல்லோரும் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். கம்பி நீள்வதில்லை, அவுட்டரும் ஃபெரூலும் தங்கள் இடத்தில் அமர்கின்றன. அந்த அமர்வை நாமே முதல் நாளில் முடித்துவிடலாம்.

இன்னர் பின்பக்கம் வந்ததும் லைனரை உருவிவிட்டு, பின் அவுட்டரைக் கோத்து, பேரலை முழுக்க உள்ளே திருகி ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். கேபிளைக் கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்குங்கள். அளவு 6 முதல் 7 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து உறுதியாக முடுக்கினால் போதும். மேலே ஏறி நின்று முடுக்கினால் இழை அங்கே நசுங்கி அடுத்த அறுப்பு அங்கேயே தொடங்கும். பிறகு பெடலைச் சுற்றாமல், ஏற்றும் லீவரை மூன்று நாலு கிளிக் அழுத்தமாகத் தள்ளி, மறுபடி இறக்குங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் ஃபெரூல்கள் அமர்ந்து கேபிள் தொய்யும். போல்ட்டைத் தளர்த்தி, தொய்வை இழுத்து, மறுபடி முடுக்குங்கள். தொய்வு வராத வரைக்கும் இதைச் செய்யலாம்.

கியரைச் சரிக்கட்டுவது சுருக்கம். சின்ன காக்கிலிருந்து ஒரே ஒரு கிளிக். செயின் இரண்டாவதுக்கு ஏறத் தயங்கினால் பேரலைப் பின்னாலிருந்து பார்த்து இடஞ்சுழியாகக் கால் சுற்று. தாண்டி மூன்றாவதை உரசினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஆர்.டி. எவ்வளவு தூரம் நகரலாம் என்று கட்டுப்படுத்தும், ஹெச், எல் என்று எழுதிய லிமிட் ஸ்க்ரூக்களைத் தொடவே வேண்டாம். கேபிள் மாறியதால் அவற்றின் அளவு மாறாது. டென்ஷன் கோளாறை லிமிட் ஸ்க்ரூவால் சரிசெய்யப் போய், செயினை ஸ்போக்குக்குள் விட்டவர்கள் உண்டு. எல்லாம் சரியென்றால் போல்ட்டுக்கு வெளியே 3 செ.மீ. விட்டு வெட்டி, நுனி மூடியை நசுக்கிவிடுங்கள்.

வியாழன் சாயங்காலமே புளியரை வரை ஒரு நடை போய் வாருங்கள். கயிற்றில் தொங்கும்போது ஒழுங்காக விழும் கியர், ஏற்றத்தில் பாரம் விழும்போது வேறு குணம் காட்டும். நடு காக்குகளிலும் மேலே பெரிய இரண்டிலும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கால் சுற்று, அரைச் சுற்று பேரலில் தேவைப்படும், அது இயல்பு. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டும்போது அந்தத் தேவை நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் எங்கேயோ ஃபெரூல் உட்காரவில்லை, அல்லது போல்ட்டில் கேபிள் நழுவுகிறது. போல்ட் பக்கத்தில் கேபிளில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று பாருங்கள். கேபிளில் கை வைக்காதீர்கள்.

உபரி இன்னரையும் 4 மி.மீ. ஆலன் கீயையும் பந்தயத்தன்று பின் பாக்கெட்டில் வையுங்கள். வழியில் எந்தக் காரணத்தாலோ கேபிள் போனால், இரண்டு வழி உண்டு. ஹெச் ஸ்க்ரூவை வலஞ்சுழியாக உள்ளே திருகினால் செயின் ஒன்றிரண்டு காக் மேலே ஏறி நிற்கும். சமதளத்துக்கு அது போதும். ஏற்றத்துக்குப் போதாது என்றால், கேபிள் துண்டை ஆர்.டி.யிலிருந்து கழற்றி, ஒரு முனையில் இறுக்கமாக முடிச்சுப் போட்டு, அவுட்டர் உருவிய பேரலுக்குள் பின்னாலிருந்து விடுங்கள். முடிச்சு பேரலின் வாயில் நின்றுகொள்ளும். ஆர்.டி.யைக் கையால் உள்ளே தள்ளி, நடுவிலோ அதற்குச் சற்று மேலோ உள்ள காக்கில் நிறுத்தி, கேபிளை இழுத்து போல்ட்டில் முடுக்குங்கள். பின்னால் ஒரே கியர், முன்னால் இரண்டு. அதை வைத்துக் கோட்டைவாசல் ஏறிவிடலாம். மிச்சக் கம்பியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், ஸ்போக்கில் மாட்டக் கூடாது.

உங்களோடு வருபவர் டிரிகர் ஷிஃப்டர் உள்ள மவுண்டன் வண்டி ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குக் கவலை குறைவு. அந்த ஷிஃப்டர்களில் வளைவு இவ்வளவு கூர்மையில்லை, பெரும்பாலானவற்றில் சின்ன ரப்பர் மூடியையோ திருகையோ எடுத்தால் தலை நேராக வெளியே வந்துவிடும். ஆனாலும் அவருடைய பின் அவுட்டரை ஒரு தடவை வளைத்துப் பாருங்கள். ஃபெரூலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வெடித்து உள்ளே துருக் கம்பி தெரிந்தால், கடைக்குப் போகும்போது அவருக்கும் சேர்த்து ஒரு மீட்டர் அவுட்டர் வாங்கிவிடுங்கள்.